புதிய துணைவலையும் திரும்பும் வழியும்

ஓர் அலுவலகம் வளர வளர, அதன் கணினி வலையமைப்பில் முகவரிகள் போதாமற் போவதும், கணக்குப் பிரிவுக் கணினிகளை விருந்தினர் கைபேசிகளிடமிருந்து பிரித்துவைக்க நேர்வதும் இயல்பாதலால், சப்நெட் எனப்படும் துணைவலை ஒன்று அதனோடு சேர்க்கப்படுகிறது. 32 பிட் கொண்ட ஐ.பி. முகவரியின் முற்பகுதி வலையையும் பிற்பகுதி அதிலுள்ள கருவியையும் குறிக்கும். 192.168.1.0/24 என்று எழுதினால் முதல் 24 பிட்டுகள் வலைக்குரியவை. எஞ்சிய 8 பிட்டுகள் தரும் 256 முகவரிகளில், வலையையே குறிக்கும் முதலாவதும் பொது அறிவிப்புக்குரிய கடைசியும் நீங்கலாக, 254 கருவிகளுக்குக் கிடைக்கும்.

இவ்வலையின் இணைய வாயிலாக 192.168.1.1 என்னும் ரவுட்டர் இருக்க, 192.168.1.2 என்னும் இரண்டாவது ரவுட்டருக்கு அப்பால் 192.168.2.0/24 என்னும் துணைவலை அமைவதாகக் கொள்ளலாம். இரண்டாவது ரவுட்டர் இரு வலைகளோடும் நேரடியாக இணைந்திருப்பதால், புதிய கணினி அனுப்பும் தரவுப் பொட்டலம் பழைய கணினியை எளிதில் அடைந்துவிடுகிறது. பதில்தான் வந்து சேர்வதில்லை. பதில் செல்லவேண்டிய முகவரி தன் வலையைச் சேர்ந்ததன்று என்று காணும் பழைய கணினி, அதைத் தனக்குத் தெரிந்த ஒரே வாயிலான முதல் ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. புதிய துணைவலையைப் பற்றி ஏதுமறியாத அந்த ரவுட்டரோ அதை இணையத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. 1996-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 என்னும் ஆவணம் உள்வலைகளுக்கென ஒதுக்கிய இத்தகைய முகவரிகளுக்குப் பொது இணையத்தில் வழி கிடையாதாகையால், பதில் அத்துடன் தொலைகிறது. பழுது புதிய வலையில் இருப்பதாகத் தோன்றினாலும், திருத்தம் தேவைப்படுவது பழைய ரவுட்டரில்தான்: 192.168.2.0/24-க்குச் செல்பவை 192.168.1.2 வழியாகச் செல்லவேண்டும் என்னும் நிலையான வழிக்குறிப்பை அதில் எழுதவேண்டும். ரவுட்டர்கள் பல உள்ள பெரிய வலையமைப்புகளில், ஓ.எஸ்.பி.எஃப். போன்ற நெறிமுறை இச்செய்தியைத் தானே பரப்பிவிடும்.

வழி தெரிந்தபின்னும் சிக்கல் முற்றிலும் தீர்வதில்லை. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையைக் கருவிகள் பொது அறிவிப்பின் மூலமே தேடுகின்றன. அவ்வறிவிப்பு ரவுட்டரைத் தாண்டாது என்பதால், அதை உரிய சர்வருக்கு எடுத்துச்செல்லும் ரிலே அமைப்பு வேண்டும். இணையத்துக்குச் செல்லும்போது முகவரியை மாற்றித்தரும் நாட் விதி பழைய வலைக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால், புதிய கணினிகளுக்கு உள்வலை கிடைத்தும் இணையம் கிடைக்காது. இவற்றைவிடக் கண்டறியக் கடினமானது இன்னொன்று: புதிய கணினியின் பொட்டலம் இரண்டாவது ரவுட்டரிலிருந்து நேரே பழைய கணினிக்குச் செல்ல, பதில் மட்டும் முதல் ரவுட்டரைச் சுற்றி வருவதால், உரையாடலின் தொடக்கத்தைக் காணாத அதன் ஃபயர்வால் பதிலைத் தடுத்துவிடக்கூடும். பிங் சோதனை வெற்றி பெற்றும் கோப்புப் பகிர்வு இயங்காமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரு ரவுட்டர்களையும் பழைய வலைக்குள் வைக்காமல், கருவிகளுக்கு இரண்டே முகவரி தரும் /30 இணைப்பு வலை ஒன்றால் தனியே பிணைத்தால் இந்நிலை எழாது. முதல் ரவுட்டரில் இன்னொரு இடைமுகம் காலியாக இருக்குமாயின், புதிய துணைவலையை அதிலேயே நேரடியாக இணைத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிது.