மலாக்காவின் பழஞ்சுவர்களும் நம் பள்ளிகளும்

மலாக்காவுக்குச் சுற்றுலா வராத தமிழ்ப்பள்ளி இந்நாட்டில் அரிது. கெடாவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பேருந்து பேருந்தாகப் பிள்ளைகள் வருகின்றனர். கோட்டை வாயிலின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர், செண்டோல் குடிக்கின்றனர், மாலையில் திரும்பிவிடுகின்றனர். நகரிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள செங் வட்டாரத்தில் வேலை பார்க்கும் நானும் ஆண்டுதோறும் இவ்வாறே பிள்ளைகளை அழைத்துச் சென்றவன்தான். மறுநாள் அவர்கள் எழுதித் தரும் கட்டுரைகளில் சிவப்புக் கட்டடமும் பூ வைத்த மூவுருளி வண்டியும் தவறாமல் இடம்பெறும். அதற்கு மேல் ஒன்றும் இராது. இது பிள்ளைகளின் குறையன்று. எதைப் பார்க்கவேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை.

கோட்டை வாயிலையே எடுத்துக்கொள்வோம். 1511-இல் அல்புகர்க்கின் தலைமையில் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர், குன்றின் அடியில் பமோசா என்னும் கோட்டையை எழுப்பினர். அதற்குக் கல் எங்கிருந்து வந்தது? சுல்தான்கள் காலத்துப் பள்ளிவாசலையும் அரச கல்லறைகளையும் இடித்து எடுத்த கற்களும் அதில் சேர்ந்தன. ஒன்றை அழித்துத்தான் மற்றொன்று எழுந்தது. 1641-இல் டச்சுக்காரர் முற்றுகையிட்டு நகரைக் கைப்பற்றினர். சிதைந்த கோட்டையைச் செப்பனிட்டனர். இன்று நிற்கும் சாந்தியாகோ வாயிலின் நெற்றியில் அவர்களுடைய வணிகக் கழகத்தின் சின்னமும் 1670 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன. போர்த்துக்கீசியக் கோட்டை என்று சொல்லிக்கொண்டே டச்சுச் சின்னத்தின் கீழ் நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். இதைப் பிள்ளைகளே கண்டு சொல்லும்படி விட்டுவிட்டால் போதும். ஒரு பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

அக்கோட்டை எதிரியின் பீரங்கியால் அழியவில்லை. 1795-இல் நகரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர், என்றாவது இதை டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க நேரும், அப்போது கோட்டை பினாங்குக்குப் பகையாகும் என்று கணக்கிட்டனர். 1807-இல் வில்லியம் பர்குவார் மேற்பார்வையில் அதன் அடியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தனர். யானையளவும் வீட்டளவுமான பாறைத்துண்டுகள் மேலே எழும்பிக் கடலில் விழுந்ததை முன்ஷி அப்துல்லா தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். 1808-இல் மலாக்காவுக்கு வந்த ராபிள்ஸ், இந்நகரைக் கைவிடலாகாது என்று மேலிடத்துக்கு எழுதினார். அவர் தலையீட்டால்தான் ஒரு வாயிலாவது எஞ்சியது என்று வரலாற்றாசிரியர் பலர் கூறுவர்.

அப்துல்லாவைப் பற்றி ஒரு சொல். மலாக்காவில் பிறந்த அவர், இளமையில் இரண்டாண்டுக்கு மேல் தமிழ் கற்றவர். அக்காலத்தில் மலாக்காவின் வணிகக் கணக்குகள் தமிழில் நடந்தன. ஆகவே வசதியுள்ள வீட்டார் தம் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பினர். இச்செய்தி நம் பாடநூல்களில் ஏன் பெரிய எழுத்தில் இல்லை என்று எனக்கு நெடுநாளாக ஒரு வியப்பு.

கோட்டையின் கதை 1807-உடன் முடிந்துவிடவும் இல்லை. 2006-இல் ஆற்றின் முகப்பருகே சுழலும் கோபுரம் ஒன்று எழுப்ப நிலத்தைத் தோண்டியபோது, டச்சுக்காரர் கட்டிய மிடல்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றினர். அதுவே 2008-இல் திறக்கப்பட்ட தாமிங் சாரி கோபுரம். தோண்டிய இடத்தில் கொத்தளத்தை மீண்டும் எழுப்பினர். கோபுரத்தை நகர்த்தியது பாராட்டத்தக்க முடிவு. ஆனால் எழுப்பிய சுவர் புதிய சுவரே. எது பழங்கல், எது புதுக்கல் என்று பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளைகள் முழுவதையும் பழமை என்றே கொள்வர். இடிந்த அடித்தளத்தை இடிந்தபடியே காட்டியிருக்கலாம் என்பது என் கருத்து.

இனி, சுவர்களுக்கு நேரும் நோயைப் பார்ப்போம். மலாக்காவின் பழஞ்சுவர்கள் செம்புராங்கல்லாலும் செங்கல்லாலும் ஆனவை. அவற்றைப் பிணைப்பது சுண்ணாம்புக் காரை. கிளிஞ்சலையும் கடற்பாறையையும் காளவாயில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணல் சேர்த்துக் குழைத்தது அது. இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் உண்டு. கடலோர நிலத்தின் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் சுவரில் ஏறும். ஏறிய ஈரம் அத்துளைகளின் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சுவர் மூச்சு விடுகிறது என்று பழைய கொத்தனார்கள் சொன்னது இதைத்தான்.

இந்தச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் என்ன ஆகும்? துளைகள் அடைபடும். வெளியேற வழியற்ற ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் மேலும் உயரமாக ஏறும். ஈரத்தோடு வந்த உப்பு, காயும் இடத்தில் படிகமாகி விரியும். விரிந்து செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பழைய செங்கல்லின் முகமும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உடனே வீட்டுக்காரர், பழங்கட்டடமே இப்படித்தான் என்று அலுத்துக்கொண்டு இன்னும் கனமாகச் சிமெண்டு பூசுவார். மருந்தென்று நஞ்சைக் கொடுத்துவிட்டு நோயாளியைக் குறை சொல்வது போன்றது இது. காற்றுப் புகாத வண்ணங்களும் இதே தீங்கைச் செய்யும். மேல்மாடியைக் கூட்டுக் குருவிகளுக்கு விட்டு, அவற்றுக்காக இரவும் பகலும் ஈரமூட்டி வைக்கும் வழக்கமும் பழைய கடைவீடுகள் பலவற்றைக் கெடுத்தது. துன் டான் செங் லாக் சாலையில், பழைய பெயர் ஹீரன் தெரு, 8-ஆம் எண் வீட்டை மலேசியப் பாரம்பரிய அமைப்பான பாடான் வாரிசான் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்துள்ளது. சுண்ணாம்பு வேலை எப்படியிருக்கும் என்று அறிய விரும்பும் ஆசிரியர்கள் அங்கே சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

உப்பினால் வாடும் நகரம் மலாக்கா மட்டுமன்று. கரிபியன் கடலில் குராசாவோ என்னும் தீவு. 1634-இல் டச்சுக்காரர் பிடித்தது. அதன் துறைமுக நகரமான வில்லெம்ஸ்டாட்டில் கடற்பாறையால் கட்டிய வீடுகளை இதே உப்பு அரிக்கிறது. மலாக்காவைப் பிடித்தவர் கீழை நாட்டுக் கழகத்தார், குராசாவோவைப் பிடித்தவர் மேலை நாட்டுக் கழகத்தார். வில்லெம்ஸ்டாட் 1997-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் 2008 ஜூலை 7-இல் சேர்ந்தன.

சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1976-இல் பழம்பொருட் சட்டம், 1988-இல் மலாக்கா மாநிலத்தின் தனிச்சட்டம், 2005-இல் தேசியப் பாரம்பரியச் சட்டம் என்று வரிசையாக வந்தன. இவை சுவர்களைக் காக்கும். சுவர்களுக்குள் வாழ்ந்த மக்களை? 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948-க்கு முந்திய கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்தது. குறைந்த வாடகையில் தட்டார், தச்சர், கொல்லர், சில்லறைக் கடைக்காரர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தனர். வீட்டுக்காரருக்கோ கூரை ஓட்டை மாற்றவும் அவ்வாடகை போதவில்லை என்பதும் உண்மை. 1997-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கியது. 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு ஒழிந்தது. வாடகை ஏறியது, பழங்குடிகள் பலர் வெளியேறினர். பின்னர் உலகப் புகழ் வந்தது. வீடுகள் தங்கும் விடுதிகளாயின. முகப்பு பளபளவென்று இருக்கிறது. மாலையில் வாயிற்படியில் உட்கார்ந்து பேச ஆளில்லை.

இவ்விடத்தில் நம்மவர் கதைக்கு வருகிறேன். ஜாலான் துக்காங் இமாஸ் என்னும் தட்டார் தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு ஆட்சியினர் செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. இந்நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. சில அடி தள்ளி 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் நிறுவிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதற்கப்பால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பள்ளிவாசலின் கூரை அடுக்கடுக்காக உயர்வதையும், அதன் கோபுரம் பகோடாவைப் போலிருப்பதையும் பிள்ளைகளிடம் காட்டுங்கள். யார் யாரிடம் எதைக் கற்றனர் என்ற கேள்வி தானே பிறக்கும்.

செட்டி என்றவுடன் நம் ஆசிரியர்கள்கூட நாட்டுக்கோட்டை நகரத்தாரை நினைத்துவிடுகின்றனர். மலாக்காச் செட்டிகள் வேறு. சுல்தான்கள் காலத்திலேயே வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழியினர், இந்நாட்டுப் பெண்களை மணந்து மலாய் பேசுவோர், சைவத்தை விடாதவர், பொங்கலும் தீபாவளியும் முன்னோர்க்குப் படையலிடும் பார்ச்சுவும் தவறாதவர். காஜா பெராங்கிலுள்ள அவர்களுடைய சிற்றூரில் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்கும். வீட்டு முன்புறத்தை அவர்கள் இன்றும் திண்ணை என்கின்றனர். தமிழ் பேசும் நாமோ அச்சொல்லை விட்டுவிட்டு, வராந்தா என்கிறோம்! 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வூரை ஒட்டி உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தபோது, ஊரார் வருந்தி எதிர்த்தனர். அக்குரலில் தமிழாசிரியர் குரல் எவ்வளவு சேர்ந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். 1984-இல் புக்கிட் சீனா இடுகாட்டுக் குன்றை வெட்டிக் கட்டடம் எழுப்பும் முயற்சி எழுந்தபோது சீன மக்கள் நாடெங்கும் திரண்டு அதைத் தடுத்தனர். அக்குன்று இன்றும் குன்றாகவே இருக்கிறது.

பிறரைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் முன்பு பணியாற்றிய தோட்டப் பள்ளியின் பழைய கட்டடம் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்டது. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றனர். பள்ளி இடம் மாறியது. சாமான்களை ஏற்றிய நாளில், அலமாரியின் அடியில் கரையான் அரித்த பழைய பதிவேடுகள் கிடந்தன. சேர்க்கைப் பதிவேடு, தலைமையாசிரியர் நாட்குறிப்பு, இன்னும் சில. லாரிக்காரர் அவசரப்படுத்தினார். கொளுத்திவிடுங்கள் என்று சொன்னவன் நானே. ஐந்து நிமிடத்தில் எரிந்து முடிந்தன. எத்தனை கங்காணி வீட்டுப் பிள்ளைகளும் பால்மரம் வெட்டியோர் பிள்ளைகளும் எந்த ஆண்டு எந்த லயத்திலிருந்து வந்து பெயர் பதிந்தனர் என்பது அந்தத் தாள்களில்தான் இருந்தது. பர்குவாரைப் பற்றி வகுப்பில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் புகை நினைவுக்கு வருகிறது.

அதன்பின் ஒரு வேலை தொடங்கினோம். செலவில்லாதது, எப்பள்ளியும் செய்யக்கூடியது. ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் தம் தாத்தா பாட்டியிடம் தோட்டத்தின் அமைப்பைக் கேட்டு வரவேண்டும். மேட்டு லயம் எங்கே, பெரட்டுக் களம் எங்கே, ஆயாக் கொட்டகை எங்கே, மாரியம்மன் கோயிலிலிருந்து பள்ளி எத்தனை நடை என்று. மீட்டர் கணக்கு வேண்டாம். அவர்கள் நடந்த நடையே அளவு. கேட்டவற்றைப் பெரிய தாளில் வரைவோம். சொன்னவர் பெயரையும் நாளையும் ஓரத்தில் எழுதுவோம். இருவர் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் குறிப்போம். எது சரி என்று ஆசிரியர் தீர்ப்பளிக்கக் கூடாது. பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் வற்புறுத்துவது இந்தக் கடைசி விதியைத்தான். மிடல்பர்க் சுவரில் எனக்கிருந்த குறையும் அதுவே அல்லவா?

எங்கள் படத்தில் பள்ளி மணி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மணி என்பது கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ஒரு பாட்டி அது ரம்புத்தான் மரத்தில் தொங்கியது என்கிறார். அவரோடு படித்த பெரியவரோ, ரம்புத்தானே அங்கில்லை, கொட்டகைத் தூணில்தான் இருந்தது என்று சாதிக்கிறார். பிள்ளைகள் மரத்தையும் வரைந்திருக்கின்றனர், தூணையும் வரைந்திருக்கின்றனர். இரண்டிலும் மணியைப் புள்ளிக்கோட்டால் தொங்கவிட்டிருக்கின்றனர்.