நாய்க்குட்டி ஏன் தட்டை முகர்ந்துவிட்டுப் போகிறது?

ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு: “குட்டி எதையும் தொட மாட்டேங்குது. மூணு பிராண்டு மாத்திப் பார்த்துட்டேன்.” வாங்கிய பாக்கெட்டுகள் பாதிப் பாதியாக அலமாரியில் கிடக்கும். குட்டி மட்டும் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். துள்ளும் குட்டி பட்டினியாக இல்லை. அப்படியென்றால் எங்கேயோ சாப்பிடுகிறது.

எங்கே என்று பார்க்க ஷிப்ட் கணக்கைப் பார்த்தால் போதும். சுங்குவார்சத்திரத்தில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஷிப்டுக்குப் போகிறவர் கம்பெனி பஸ் பிடிக்கும் முன் பாலில் பன்னை நனைத்து வைப்பார். நைட் முடித்து வருகிறவர் கையில் மிச்சப் பரோட்டா இருக்கும். மூன்றாமவர் டீக்கடைக்குப் போகும்போது குட்டியும் கூடவே போகும். அங்கே பெஞ்சில் இருக்கும் நாலு பேரும் ஆளுக்கொரு பொறை போடுவார்கள். யாரும் கணக்கு வைப்பதில்லை. எல்லோரும் அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் 5 கிலோ எடையுள்ள ஐந்து மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 470 கலோரி. 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டிலேயே 450 கலோரி அளவுக்கு இருக்கிறது. அந்த அளவு உள்ளே போனால் அன்றைய வயிறு முடிந்தது. அதில் புரதம் சொற்பம், சர்க்கரை நிறைய.

நாய்க்கு பிஸ்கட் போடும் பழக்கம் பழையதுதான். 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டன் துறைமுகத்தில் நாய்கள் கப்பல் ரொட்டியைத் தின்பதைப் பார்த்துத்தான் நாய் பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். அவர் மாவோடு இறைச்சியும் காய்கறியும் சேர்த்தார். நம் பொறையில் மைதாவைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் இல்லை.

எனவே பிராண்டை மாற்றும் முன், ஆளுக்கு ஆள் போடும் கைகளை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். மூன்று மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. அந்த வேளையைக் கடிகாரத்தோடு கட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் அறையில் யார் இருக்கிறாரோ அவர் வைக்கட்டும். லைனில் ஷிப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதி வைத்துவிட்டு வருகிறீர்களே, அதே மாதிரி சுவரில் ஒரு தாளை ஒட்டிப் போட்ட அளவைக் குறித்துவிடுங்கள். அளக்க ஒரே டம்ளர் போதும். தட்டை வைத்து இருபது நிமிடம் கழித்து, மிச்சம் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். பொமரேனியன், ஷிட்சு போன்ற பொடி இனக் குட்டிகளிடம் இந்தக் கண்டிப்பைத் தளர்த்துங்கள். ஒன்றிரண்டு வேளை தவறினாலே அவற்றுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

நாய் நாக்கை விட மூக்கைத்தான் நம்பும். உலர்தீனியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் வாசம் எழும். பால்பல் விழும் மூன்று முதல் ஆறு மாதக் காலத்தில் ஈறு வலிக்கும், அப்போதும் ஊறிய தீனிதான் தோது. இன்னொன்று: கடையில் திறந்த மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் தீனியை வாங்காதீர்கள். சித்திரை வெயிலில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடித்துவிடும். நமக்குத் தெரியாத அந்த நாற்றம் குட்டிக்குத் தெரியும். அது மறுத்தால் நியாயம் அதன் பக்கம்.

இதெல்லாம் செய்த பிறகும் மாற்றத்தான் வேண்டுமென்றால், பொறுமையாக மாற்றுங்கள். குட்டி வந்த முதல் பத்து நாள், பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். பிறகு முதல் இரண்டு மூன்று நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. அடுத்து பாதிக்குப் பாதி. அதன்பின் முக்கால். ஒரு வாரம், பத்து நாளில் முழுவதும் மாறிவிடலாம். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். மலம் இளகினால் ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நில்லுங்கள்.

உடம்பு சரியில்லாத நாளில் புதுத் தீனியை ஆரம்பிக்கவே கூடாது. 1955இல் ஜான் கார்சியா என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதற்கான காரணத்தைக் காட்டினார். இனிப்புத் தண்ணீர் குடித்த வேளையில் கதிர்வீச்சால் குமட்டல் வந்தால், பிறகு எலி அந்த இனிப்பையே ஒதுக்கிவிடும். நாயும் அப்படித்தான். வாந்தி எடுத்த நாளில் தின்றது எதுவோ, பழியை அதன் மேல் போட்டுவிடும். கசப்பு மாத்திரையை வழக்கமான சாப்பாட்டில் ஒளித்துக் கொடுப்பதும் வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடே போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் தயிர்ச்சோறும் பால்சோறும் வளரும் குட்டிக்குப் போதவே போதாது. வெறும் கோழிக்கறியும் தப்பு. கறியில் கால்சியத்தை விடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும், கால் வளைந்துவிடும். சோறு, வேகவைத்த கறி, முட்டை, பரங்கிக்காய், இவற்றோடு கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் எடையைச் சொல்லி எழுதி வாங்குங்கள். நேர்மாறான தவறும் நடக்கிறது. குட்டிகளுக்கான முழுத்தீனி தின்னும் லேப்ரடாருக்கு மேற்கொண்டு கால்சியம் சிரப்பும் ஊற்றுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் பெரிய இனக் குட்டியின் குடலால் மிகுதியான கால்சியத்தைத் தடுத்து நிறுத்த முடியாது. எலும்பு கோணலாகும்.

சாம்பார் சாதம் அறவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு, டம்ளரில் மிஞ்சிய டீ, எதுவும் கூடாது.

சிப்பிப்பாறை, கன்னிக் குட்டி வளர்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அவை ஒல்லியாகவே பிறந்த இனங்கள். விலா லேசாகத் தெரிவது அவற்றுக்கு இயல்பு. லேப்ரடாரோடு ஒப்பிட்டு “சாப்பிடலை” என்று திணிக்க வேண்டாம். வாரம் ஒரு தடவை எடை பாருங்கள், ஏறினால் சரி.

கடைசியாக, இவ்வளவும் துள்ளும் குட்டிக்குத்தான் பொருந்தும். சுருண்டு படுத்துத் தீனியை மறுத்தால், வாந்தி எடுத்தால், நாற்றத்தோடு ரத்தமாகக் கழிந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலோ குடற்புழுவோ காரணமாகலாம். அப்போது எந்தத் தீனி என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள், தேவைப்பட்டால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு. தடுப்பூசி அட்டையையும், எப்போது பூச்சி மருந்து கொடுத்தீர்கள் என்ற தேதியையும், சுவரில் ஒட்டிய அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.