மின்னாற்பகுத்தல்: நீர் மறைத்த உலோகம்

ஒரு சேர்மத்தின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி அதனைப் பகுக்கும் நிகழ்வு மின்னாற்பகுத்தல் எனப்படும். உருகிய நிலையிலோ நீர்க்கரைசலிலோ தன் அயனிகளால் மின்சாரத்தைக் கடத்தும் சேர்மம் மின்பகுளி ஆகும். திண்ம நிலையில் அயனிகள் படிகத்தினுள் கட்டுண்டிருப்பதால் இடம்பெயர இயலாது. உருகும்போதும் கரையும்போதும் அவை விடுபடுகின்றன. நேரயனிகள் எதிர்மின்வாயை நோக்கி நகர, அங்கு எலக்ட்ரான் ஏற்பாகிய ஒடுக்கம் நிகழ்கிறது. எதிரயனிகள் நேர்மின்வாயை நோக்கி நகர, அங்கு எலக்ட்ரான் இழப்பாகிய ஆக்சிஜனேற்றம் நிகழ்கிறது.

அவ்வாறாயின், எதிர்மின்வாயை அடையும் உலோக அயனி ஒவ்வொன்றும் உலோகமாக மாறுமா? இவ்வினாவிற்கு வேதியியல் வரலாறு விடை தருகிறது. 1800 ஆம் ஆண்டில் வோல்டா தம் மின்னடுக்கை அறிவித்தார். அதே ஆண்டில் நிக்கல்சனும் கார்லைலும் அத்தகைய அடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்தனர். பின்னர் இலண்டனில் ஹம்ப்ரி டேவி, எரிபொட்டாஷ் எனப்படும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பகுக்க முயன்றார். அதன் செறிவுமிக்க கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தியபோது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே வெளிப்பட்டன.

1807 அக்டோபரில் அவர் நீர்க்கரைசலைக் கைவிட்டார். மேற்பரப்பு சற்றே ஈரமான எரிபொட்டாஷ் துண்டைப் பிளாட்டினத் தட்டின்மீது வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். துண்டு உருகியது, எதிர்மின்வாயில் பாதரசம் போன்று ஒளிரும் சிறு துளிகள் தோன்றின. அவற்றுள் சில சுடர்விட்டு எரிந்தன. பொட்டாசியம் என்னும் உலோகம் இவ்வாறே முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. சில நாள்களில் சோடியமும் கிடைத்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கரைசலில் பொட்டாசியம் அயனியும் நீரும் எலக்ட்ரானுக்குப் போட்டியிடுகின்றன. நீர் எளிதில் ஒடுக்கமடைவதால் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. உருகிய நிலையில் அப்போட்டி நீங்குகிறது. ஆனால், தாமிர சல்பேட்டுக் கரைசலில் தாமிர அயனி நீரைவிட எளிதில் ஒடுக்கமடைவதால் எதிர்மின்வாயில் தாமிரம் படிகிறது.

இன்றும் சோடியம் உருகிய சோடியம் குளோரைடிலிருந்தே பெறப்படுகிறது. இதன் உருகுநிலை 801 டிகிரி செல்சியஸ். கால்சியம் குளோரைடைச் சேர்த்து உருகுநிலை ஏறத்தாழ 600 டிகிரியாகக் குறைக்கப்படுகிறது, ஆற்றல் மிச்சமாகிறது.

சிந்திக்க: உப்பை உருக்குவதற்குப் பதிலாக நீரில் கரைத்தால் செலவு மேலும் குறையுமன்றோ? அவ்வாறு செய்யாததன் காரணத்தை விளக்குக.