விடுபட்ட குழந்தையின் பெயர் என்ன?

தட்டம்மை கண்ட குழந்தைகளை எவ்வளவு தாமதமாகக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் மருத்துவர்களை மிகவும் கலங்கவைக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு கண்டு நான்கைந்து நாள் ஆகியிருக்கும். மூச்சு இரைத்து, நெஞ்சுக்கூடு உள்வாங்கி, தண்ணீர்கூட இறங்காத நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். தாய் சேய் நல அட்டையைக் கேட்டால் பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாகத்தான் வைத்திருப்பார்கள். அதில் ஒன்பதாம் மாதம் வரை தேதிகள் வரிசையாக இருக்கும்; பதினாறாம் மாதத்துக் கட்டம் காலியாக இருக்கும். தடிப்பு வருவதற்கு முன்பே அந்தக் காலிக் கட்டம் யார் கண்ணிலாவது பட்டிருக்க வேண்டும்.

89 சதவீதம் ஏன் போதாது?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் சுமார் 89 சதவீதம் பேர் அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெற்றிருக்கிறார்கள். அகில இந்திய அளவு 76 சதவீதம்தான். நல்ல நிலைதானே என்று கேட்கலாம். மற்ற பல நோய்களுக்கு நல்ல நிலைதான், தட்டம்மைக்கு அல்ல. எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைப் பரப்புவார். தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். இதைத் தடுத்து நிறுத்த 95 சதவீதம் பேருக்குத் தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணையும் போய்ச்சேர வேண்டும். ஒரு கணக்குப் பார்ப்போம். நூறு குழந்தைகளில் தொண்ணூறு பேருக்கு ஒன்பதாம் மாத ஊசி போட்டாயிற்று. அந்த வயதில் போடும் ஊசி நூற்றுக்கு 85 பேரைத்தான் காக்கும். ஆகவே காப்பு உள்ளவர்கள் 76 பேர். மீதி 24 பேர் வெறும் உடம்போடு நிற்கிறார்கள். இரண்டாம் தவணையை வேண்டாத உபரியாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

விடுபட்டவர்கள் மாநிலம் முழுக்கச் சமமாகச் சிதறிக் கிடப்பதும் இல்லை. செங்கல் சூளைகளிலும், கட்டடத் தொழிலாளர் கொட்டகைகளிலும், மலைக்கிராமங்களிலும் கூட்டமாக இருக்கிறார்கள். 2022-இல் மும்பையின் கோவண்டி போன்ற நெருக்கமான குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தது இப்படித்தான். கொரோனா காலத்தில் தவறிய தவணைகள் அங்கே குவிந்துகிடந்தன. நகரத்தின் சராசரி எண் அந்தச் சந்துகளைக் காட்டவில்லை.

கணக்கு எங்கே பிசகுகிறது?

போட்ட ஊசிகளை உத்தேசப் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்துத்தான் அலுவலகச் சதவீதம் வருகிறது. உத்தேசம் தவறினால் நூற்றைத் தாண்டியும் எண் வரும். அதனால்தான் வீடு வீடாகப் போய் அட்டையைப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுகிறது. 2005–06-இல் 81 சதவீதமாக இருந்த தமிழ்நாடு, 2015–16-இல் 70 சதவீதத்துக்கு இறங்கியதைக் காட்டியது அத்தகைய ஆய்வுதான். இடையில் நடந்ததை மறக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு கிராமத்திலேயே நடந்துவந்த முகாம்கள் நின்று, ஊசி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குள் ஒடுங்கியது. ஒரு நாள் கூலியை விட்டு, கைக்குழந்தையோடு பஸ் ஏற வேண்டும் என்றால் தவணை தள்ளித்தான் போகும். சரிவுக்கு அதுவும் ஒரு காரணம்.

கண்காணிப்பு என்ற பெயரில் செவிலியர்களை விரட்டினால் பொய்க் கணக்குதான் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். சதவீதத்தைக் கேட்டு விரட்டினால் அப்படித்தான் வரும். விடுபட்டவர்களின் பெயரைக் கேட்க வேண்டும். முதல் தவணை போட்டு இரண்டாவதுக்கு வராத குழந்தை எது, எந்தத் தெரு, குடும்பம் எங்கே குடிபெயர்ந்தது என்ற பட்டியல் கிராம சுகாதார செவிலியர் கையில் இருந்தால், யாரையும் மிரட்டாமல் வேலை நடக்கும். தடுப்பூசிகளுக்கான அரசின் ‘யூ-வின்’ இணையப் பதிவும் அதற்கு உதவும். தனியார் மருத்துவமனைகள் போடும் ஊசியும் அதில் ஏறினால்தான் முழுப்பலன்.

வேப்பிலையும் வாட்ஸ்அப்பும்

“அம்மா இறங்கியிருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது” என்ற நம்பிக்கை இன்னும் குழந்தைகளைக் கொல்கிறது. வேப்பிலை கட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் பத்தியம் என்று பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். சிவந்த கண்ணில் பச்சிலைச் சாறு பிழியாதீர்கள், பார்வை போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. நிமோனியாவுக்கு வைத்தியம் தொடங்க வேண்டிய நாட்களைத்தான் தின்னும். எத்தனை முறை சொன்னாலும் அந்த மாத்திரை அட்டையோடுதான் வருகிறார்கள்.

“இயற்கையாக வந்துபோனால் எதிர்ப்புச் சக்தி கூடும்” என்பது படித்தவர்கள் வீட்டில் அதிகம் கேட்கும் பேச்சு. உண்மை நேர்மாறு. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்திருந்தது. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்துக்கு வித்திட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை பன்னிரண்டே குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010-இல் அதை வெளியிட்ட இதழே திரும்பப் பெற்றுவிட்டது. இருந்தும் 2017-இல் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தி பள்ளி வாசல்வரை வந்தது.

ஊசிக்குப் பின் இறப்பு நடந்ததே என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. அதை விசாரித்து உண்மையை வெளியே சொல்வது அரசின் கடமை. ஆனால் பயந்து ஊசியையே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சமோவா சாட்சி. சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. 2018-இல் செவிலியர்கள் மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்தன. தடுப்பூசித் திட்டம் மாதக்கணக்கில் நின்றது, மக்கள் நம்பிக்கை போனது. மறு ஆண்டே தட்டம்மை வந்து 83 பேரைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் சின்னஞ்சிறு குழந்தைகள்.

இன்றே அட்டையை எடுங்கள்

லேசான சளி, காய்ச்சல் என்று தள்ளிப்போடாதீர்கள். அது தடையே இல்லை. ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் உடம்பு சுட்டால் பயப்படாதீர்கள். ஊர் மாறினாலும் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், எந்த ஊரிலும் மீதித் தவணையைப் போடுவார்கள். உங்கள் பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்திலும் தயவுசெய்து ஒரு வார்த்தை விசாரியுங்கள். தேதி தவறிவிட்டதே, திட்டுவார்களோ என்று கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். 16 முதல் 24 மாதத்துக்கான கட்டம் காலியாக இருந்தால், வரும் புதன்கிழமையே குழந்தையை அழைத்துப் போங்கள். ஐந்து வயது முடியும்வரை அந்த ஊசியை அரசு இலவசமாகப் போடுகிறது.