மின் என்றால் நான், நிம் என்றால் நீ

‘பாகுபலி’ (2015) படத்தில் காலகேயர்கள் பேசியது வாய்க்கு வந்த கூச்சல் என்று நினைத்தவர்கள் உண்டு. அது கிளிக்கி, சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட மொழி. ஆக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, குழந்தைகளோடு விளையாட அவர் உண்டாக்கிய சின்ன மொழிதான் அதற்கு விதை.

அதில் ‘மின்’ என்றால் நான், ‘நிம்’ என்றால் நீ. ஒலிகளைத் திருப்பிப் போட்டால் ஒன்று மற்றதாகிவிடும். பேச்சிலும் அப்படித்தானே? நான் வாயை மூடி நீங்கள் பேசத் தொடங்கியதும் ‘நான்’ என்பது நீங்களாகிவிடுகிறது.

1887இல் ஸாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் இப்படிச் சொற்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஒழுங்கு இன்னும் கறார். ‘மி’ நான், ‘மியா’ என்னுடைய. ‘கியூ’ யார், ‘தியூ’ அவர். ‘கியே’ எங்கே, ‘தியே’ அங்கே. முன்னொட்டு ஐந்து, பின்னொட்டு ஒன்பது, ஆக 45 சொற்கள். நமக்கு இது புதிதில்லை. அவன், இவன், எவன். அங்கே, இங்கே, எங்கே என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடாமலே தமிழில் அமைந்திருக்கிறது. நாம் தொலைத்துவிட்ட ‘உவன்’ யாழ்ப்பாணத்தில் இன்னும் புழங்குகிறது.

ஆனால் எஸ்பெராண்டோவில் நீ, நீங்கள் இரண்டுக்கும் ‘வி’ ஒன்றுதான். “இல்லைங்க” என்று மறுப்பதற்கே மரியாதை ஒட்டும் கொங்கு நாட்டில் இது செல்லாது! நாம், நாங்கள் இரண்டுக்கும் ‘நி’ மட்டுமே என்பது அதைவிடப் பெரிய குறை.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் “நாம டீ குடிச்சுட்டு வரலாம்” என்றால் ஓவர்லாக் மெஷினில் இருப்பவரும் பீஸை வைத்துவிட்டு எழுவார். “நாங்க குடிச்சுட்டு வர்றோம்” என்றால் தைத்துக்கொண்டே இருப்பார். அவர் பீகார்க்காரர் என்றால் சிக்கல்தான். இந்தி ‘ஹம்’ இரண்டுக்கும் பொது. பீகாரில் ஒற்றை ஆள் தன்னைச் சொல்லவும் ‘ஹம்’ என்பார். வந்த புதிதில் டீக்குத் தன்னையும் அழைத்தார்களா என்று புரியாமல் அவர் விழித்தால் குற்றம் அவருடையதில்லை.

விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளை சொந்தமாக ஒரு மொழி கட்டப்போகிறேன் என்று கிளம்பினால் தடுக்காதீர்கள். தன்மை, முன்னிலை, படர்க்கையை முதலில் முடிவுசெய்யச் சொல்லுங்கள். நாமுக்கும் நாங்களுக்கும் மறக்காமல் தனித்தனிச் சொல் வைக்கச் சொல்லுங்கள்.