தியேட்டரில் பீட்டில்ஸ்... தெருவில் ஆர்கெஸ்ட்ரா! - கந்தக பூமியின் கச்சேரி இரவுகள்

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன், டூ, த்ரீ!"

ஒலிபெருக்கியில் இந்தக் குரல் கேட்டதும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு ஓடியவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். ஓடாத 2கே கிட்ஸும் படிக்கலாம். நீங்கள் எதைத் தவறவிட்டீர்கள் என்று தெரியவேண்டுமே!

சிவகாசிப் பக்கம் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம். 'தீப்பெட்டி ஆபீஸ்', 'பயர் ஆபீஸ்' என்போம். வருடம் முழுக்க மருந்து வாசனையிலும் பேப்பர் தூசியிலும் கிடக்கும் சனங்களுக்குக் கொண்டாட்டம் என்றால் பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும்தான். விருதுநகரில் பராசக்தி மாரியம்மன், சிவகாசியில் பத்திரகாளியம்மன், ஆடி மாதம் வந்தால் சாத்தூர் பக்கம் இருக்கன்குடி மாரியம்மன். அக்னிச்சட்டி, முளைப்பாரி, ராட்டினம், மிளகாய் பஜ்ஜி எல்லாம் முடிந்து ராத்திரி ஆனால், பந்தலில் கச்சேரி.

என் மாமா அப்படி ஒரு குழுவில் தும்பா வாசித்தவர். பகலில் அச்சகத்தில் கட்டிங் மெஷின், ராத்திரியில் மேடை. அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இங்கிலாந்து வரை போய்வந்துவிடலாம்.

தியேட்டரில் பாடிய பீட்டில்ஸ்

1963-ம் வருடம் பிப்ரவரி 2. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 'காமான்ட்' என்ற சினிமா தியேட்டர். அன்று மேடையில் பெரிய ஸ்டார், ஹெலன் ஷாப்பிரோ என்ற 16 வயதுப் பெண். போஸ்டரில் அவர் பெயருக்குக் கீழே இருந்த குழுக்களில் ஒன்றுதான் பீட்டில்ஸ்! ஒரே இரவில் இரண்டு காட்சி. ஒவ்வொரு குழுவுக்கும் சில பாட்டுகள்தான். பாடி முடித்ததும் பஸ் ஏறி அடுத்த ஊர், அடுத்த தியேட்டர்.

அந்த வருடம் முடிவதற்குள் நாடே அந்த நான்கு பையன்களின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. 1965 டிசம்பரில் அவர்கள் சொந்த நாட்டில் நடத்திய கடைசிச் சுற்றுப்பயணம் முடிந்ததும் கார்டிஃப் நகரத்து சினிமா தியேட்டரில்தான். லண்டனுக்குப் போகக் காசில்லாத சிற்றூர்ப் பிள்ளைகள், கிட்டாரையும் டிரம்ஸையும் முதன்முதலில் நேரில் பார்த்தது தங்கள் ஊர்த் தியேட்டரில். 'பீட்' இசை பரவியதன் ரகசியம் அதுதான். நட்சத்திரமே உங்கள் தெருவைத் தேடி வந்தது.

நம் ஊர்க் கொட்டகை

நமக்கு இது புதிதா என்ன? சினிமா வருவதற்கு முன் நம் கொட்டகைகளில் நாடகம்தான். நாடகம் என்றால் பாட்டு. சிவகாசியில் பிறந்த தியாகி விஸ்வநாததாஸ் அன்றைக்கு மேடையின் சூப்பர் ஸ்டார். புராண நாடகத்துக்கு நடுவே விடுதலைப் பாட்டைப் பாடிவிட்டுச் சிறைக்குப் போவார். திரும்பி வந்து மறுபடியும் பாடுவார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர்விட்டார்.

பிறகு பேசும்படம் வந்தது. மேடை இருந்த இடத்தில் திரை கட்டினார்கள். டூரிங் டாக்கீஸில் படம் போடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் சாமி பாட்டு ஒலிக்கும். அது கேட்டால் ஊரே நடையை எட்டிப்போடும். ஆனால், பாடுகிறவர் நேரில் வரமாட்டார். இங்கிலாந்தில் பாட்டுக்காரர் தியேட்டருக்குள் போன அதே காலத்தில், நம் ஊர்ப் பாட்டுக்காரர் வெளியே வந்து கோயில் பந்தலுக்குப் போனார்.

கிட்டார் சத்தம் வந்த வழி

சரி, 'பீட்' நமக்கு எப்படி வந்தது? மூன்று வழி.

முதல் வழி சினிமா. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்த ஜே.பி.சந்திரபாபு, 1950-களிலேயே மேல்நாட்டு யோடலிங்கையும் ராக் அண்ட் ரோலையும் தமிழில் கலக்கிவிட்டார். 1964-ல் 'காதலிக்க நேரமில்லை'யில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி, 1967-ல் 'அதே கண்கள்' படத்தில் வேதா என கிட்டார், டிரம்ஸ், ட்விஸ்ட் எல்லாம் விருதுநகர் பெஞ்சு டிக்கெட் வரைக்கும் வந்து சேர்ந்தன.

இரண்டாவது, இலங்கை வானொலி. 1952-ல் நம் ஆகாசவாணி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது, கடல் தாண்டி வந்த அந்த ஒலிபரப்பை நம் ஆட்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். தென்மாவட்டங்களில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது எல்லாம் வீட்டு மனிதர்கள் மாதிரி. டீக்கடையில் பாட்டு, தீப்பெட்டி ஒட்டும் திண்ணையில் பாட்டு.

மூன்றாவது, பலரும் மறந்துபோன இலங்கைத் தமிழ்ப் 'பொப்'! யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் 1960-களின் பிற்பகுதியில் 'சின்ன மாமியே' பாட்டோடு வந்தார். சினிமா இல்லாமல், கதாநாயகன் இல்லாமல், கையில் கிட்டாரோடு தமிழில் துள்ளலாக ஒரு பாட்டு. பின்னாலேயே ஏ.இ.மனோகரன் 'சுராங்கனி'யோடு தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டார். 'சிலோன்' மனோகர் என்ற பெயர் நிலைத்தது. 2018-ல் சென்னையில் அவர் காலமானார். இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் 'சுராங்கனி' போட்டால் தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து ஆடுவார்கள்.

அதே சமயத்தில் பெரிய நகரங்களில் இங்கிலீஷில் பாடும் குழுக்களும் இருந்தன. 1970, 1971-ல் ஒரு சிகரெட் கம்பெனி 'சிம்லா பீட்' என்று பம்பாயில் போட்டி நடத்தி, இசைத்தட்டும் போட்டது. சென்னையிலிருந்து 'கன்ஃப்யூஷன்ஸ்' போன்ற குழுக்கள் போய்ப் பாடின. ஆனால், அது கல்லூரி வாசலைத் தாண்டி நம் கரிசல் காட்டுக்கு வரவில்லை. நமக்கு வேண்டியது தமிழ்ப்பாட்டு!

பண்ணைப்புரத்து அண்ணன் தம்பிகள்

இங்கேதான் மெல்லிசைக் குழுக்கள் வருகின்றன. பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் தம்பிகளோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தத் தம்பிகள் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன். 1968-ல் சென்னைக்குப் போன இளையராஜா, எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் மேடைக் குழுவில் கிட்டாரும் ஆர்மோனியமும் வாசித்தார். 1976-ல் 'அன்னக்கிளி'. அதன்பிறகு எந்த ஊர் மேடையாக இருந்தாலும் அவர் பாட்டு இல்லாமல் கச்சேரி இல்லை.

1979-ல் 'நினைத்தாலே இனிக்கும்' வந்தது. கமலும் ரஜினியும் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள்! 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை'யில் மோகன் மைக்கைப் பிடித்தார். அவ்வளவுதான், மைக் முன்னால் நிற்பது இளைஞர்களின் கனவாகிவிட்டது. லாட்டரிக் கடையில் வேலை பார்த்தவர், மளிகைக்கடைக் கணக்கர், அச்சகத் தொழிலாளி என்று பலர் ராத்திரிப் பாடகர் ஆனார்கள்.

ஒரு குழு என்றால் டி.எம்.எஸ் குரலுக்கு ஒருவர், எஸ்.பி.பி குரலுக்கு ஒருவர், சுசீலா - ஜானகி இருவருக்கும் சேர்த்து ஒரு பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் சிரமம் அதிகம். விடியற்காலையில் வேன் வந்து இறக்கிவிடும்போது தெரு பார்க்கும் பார்வையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பிறகு கிட்டார், அக்கார்டியன், தபேலா, பாங்கோஸ், தும்பா, டிரம்ஸ், டிரம்பெட். பத்துப் பதினைந்து பேர் ஒரே வேனில். நள்ளிரவு தாண்டினால் நேயர் விருப்பம். சீட்டோடு பத்து ரூபாய் நோட்டைக் குத்திக் கொடுப்பார்கள். 'பயர் ஆபீஸ் நண்பர்கள் சார்பாக' என்று அறிவிப்பாளர் வாசிப்பார். அந்த ஒரு வரி கேட்பதற்காகவே கொடுத்த பத்து ரூபாய் அது!

சத்தம் குறைந்த கதை

1980-களில் கீபோர்டு வந்தது. 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 'ஆக்டாபேட்' கொண்டுவந்தது. எட்டுச் சதுரம் உள்ள ஒரு பலகை. குச்சியால் தட்டினால் டிரம்ஸ், தும்பா, தபேலா எது வேண்டுமோ அந்தச் சத்தம். நான்கு பேர் வேலையை ஒருவர் பார்த்துவிடலாம். விழாக் கமிட்டிக்கும் செலவு மிச்சம், வேனிலும் இடம் மிச்சம்.

அடுத்தது நேரம். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாள் வரைதான் மாநில அரசு நள்ளிரவு 12 மணி வரை சலுகை தரமுடியும். தூங்கும் குழந்தைக்கும் நோயாளிக்கும் இது நியாயம்தான். ஆனால், விடிய விடியக் கச்சேரி என்பது அதோடு போயிற்று. பல ஊர்களில் மெல்லிசை இருந்த இடத்துக்கு 'ஆடல் பாடல்' வந்தது. இப்போது டிராக் போட்டு ஒருவரே பாடிவிடுகிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தென்மாவட்டத் திருவிழா சீசனே தொடங்கியிருந்தது. மேடைக் கலைஞர்களுக்கு வருடத்துக்கே சம்பாத்தியம் அந்த இரண்டு மூன்று மாதம்தான். அப்போது கிட்டாரை விற்றவர்கள் பலர் திரும்ப வாங்கவே இல்லை.

இப்போது மாமா கதை. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எங்கள் தெருப் பொங்கலுக்கு அவர் இருந்த குழுதான் வந்தது. மேடையில் பளபளவென்று பேட் வைத்திருந்த அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தட்டியதெல்லாம் அதிசயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அதையே பேசிக்கொண்டிருந்தேன். மாமா மேடையில் இல்லை, கீழே வயர் சுற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த வருடத்தோடு அவர் கச்சேரிக்குப் போவதை நிறுத்தினார். தும்பா பரணுக்குப் போனது.

இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பேசப்போனேன். பழைய போட்டோ கேட்டேன், இல்லை என்றார். ஒருநாளும் யாரும் எடுக்கவில்லையாம். பாடகரை எடுப்பார்கள், தும்பாக்காரரை யார் எடுப்பார்கள்? பிறகு அவரே ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அதை இறக்கினார். தோல் தளர்ந்திருந்தது. வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, போல்ட்டை முறுக்கி, இரண்டு தட்டுத் தட்டினார். அடுப்படியில் இருந்த அத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

என் மொபைலில் ஒரு போட்டோ எடுத்தேன். அவர் தும்பாவோடு இருக்கும் முதல் போட்டோ அதுதான்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருடம் மேளமும் கிட்டாருமாக ஒரு குழு வந்தால், பாடகரை வீடியோ எடுத்ததும் போனை ஒருமுறை பின்வரிசைக்கும் திருப்புங்கள். அங்கேயும் யாரோ ஒருவருடைய மாமா வாசித்துக்கொண்டிருப்பார்.