மலைக்குப் போனால் வீசிங் போகுமா? கள்ளக்குறிச்சி – கல்வராயன் குறிப்புகள்

வீசிங் இருப்பவர்களுக்கு ஊரில் கிடைக்கும் இலவச யோசனை ஒன்றுதான்: "பேசாம மலைப் பக்கம் போய் இருந்துடுங்க, காத்து சுத்தமா இருக்கும்." எனக்குச் சின்ன வயசிலிருந்தே ஆஸ்துமா, கூடவே தூசி, பூஞ்சை அலர்ஜி. சென்னையை விட்டுக் கள்ளக்குறிச்சிப் பக்கம் போவது என்று முடிவானதும், எங்கே வீடு பார்ப்பது என்ற கேள்வி வந்தது. டவுனிலா, அடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கமா, மேலே வெள்ளிமலையிலா? அதற்காகச் சேர்த்த குறிப்புகள் இவை. சுருக்கமா சொன்னா, ஊர் பேரை வச்சு முடிவெடுக்காதீங்க. உங்களுக்கு ஒத்துக்காதது எது, அது எந்த மாசத்தில் எந்த வீட்டுக்குள் வருதுன்னு பாருங்க.

எண் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டின் காற்றுத் தரக் குறியீடு 8 மாசுகளைக் கணக்கில் எடுக்கிறது. அவற்றில் எது மோசமோ அதன் எண்தான் அன்றைய குறியீடு. 50 வரை 'நல்லது', பச்சை நிறம். ஆனால் நுரையீரலின் அடிவரை போகும் பிஎம் 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் இருந்தாலும் பச்சைதான் காட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன 24 மணி நேர வரம்பு 15. ஆண்டு சராசரிக்கு நம்ம வரம்பு 40, அவர்களுடையது 5. ஆக, பச்சையைப் பார்த்ததும் நம்மைப் போன்றவர்கள் நிம்மதியாகிவிட முடியாது.

இன்னொன்று, மகரந்தம், பூஞ்சை வித்து, மெத்தையில் வாழும் தூசிப்பூச்சி எதுவும் அந்த 8-இல் கிடையாது. அலர்ஜிக்காரர்களுக்குப் பாதிப் பிரச்சினையே அதுங்கதான்.

மொபைலில் எந்தக் கிராமத்தின் பேரைப் போட்டாலும் ஒரு எண் வரும். பக்கத்தில் அளவி நிலையம் இல்லாத இடங்களில் அது செயற்கைக்கோள் தரவையும் கணினிக் கணக்கையும் வைத்துப் போட்ட மதிப்பீடு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில், நீங்க போற இடத்துக்கு மிக அருகில் உள்ள நிலையம் எவ்வளவு தூரம்னு முதலில் பாருங்க. பக்கத்து வயலில் வைக்கிற தீ அந்த எண்ணில் ஏறாது.

கீழே: கரும்பும் நெல்லும்

மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் இரண்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. பொதுவாகச் சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துத்தான் கொதிகலனை ஓட்டும். அரவை மும்முரமாக நடப்பது பெரும்பாலும் மார்கழி, தை, மாசியில். வெட்டு முடிந்த வயல்களில் தோகையை (சோகைன்னும் சொல்லுவாங்க) கொளுத்துவதும் அதே சமயம்தான். அந்த மாதங்களில் நம்ம பக்கம் வாடைக்காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து வீசும். அப்போ ஆலைக்குத் தென்மேற்கில் இருக்கும் வீட்டுக்குத்தான் புகையும் கரித்தூளும் அதிகம் போகும். ஒரே ஊர், ஒரே வாடகை, ஆனால் ஆலைக்கு எந்தத் திசை என்பதில் சுவாசம் மாறிவிடும். மொட்டை மாடியில் கரித்தூள் விழுதான்னு பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டாலே போதும், துணி காயப்போடுறவங்களுக்குத் தெரியாதது இல்லை.

கள்ளக்குறிச்சியைச் சுற்றி அரிசி ஆலைகளும் நிறைய. உமி, தவிட்டுத் தூசி வருஷம் முழுக்க இருக்கும். காலி மனைகளில் மழைக்குப் பிறகு பார்த்தீனியம் பூக்கும். 1950-களில் புனே பக்கம் கண்டறியப்பட்ட இந்தச் செடி இன்றைக்கு நாடெங்கும் உண்டு. தோல் அரிப்பையும் மூக்கொழுகலையும் கிளப்பும். ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் பலருக்கு ஆகாது.

மேலே: குளிரும் ஓதமும்

கல்வராயனில் சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி உயரம். ஆலைப் புகையும் வண்டிப் புகையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் விறகடுப்புப் புகை உண்டு. பனிக்காலக் காலைகளில் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கும்போது, அந்தப் புகை மேலே போகாமல் வீட்டு உயரத்திலேயே நிற்கும். மாசி, பங்குனியில் சருகு காய்ந்தால் காட்டுத்தீ. குளிர்காற்றே சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம், பெட்டிக்குள் துணியில் பூசணம்.

ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் ஆஸ்துமாவுக்கு மலைச் சிகிச்சை கொடுத்தது பிரபலம். சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் காற்று வறண்டிருப்பதால் அங்கே தூசிப்பூச்சி பிழைப்பதில்லை. பலன் தந்ததில் பெரிய பங்கு அந்த வறட்சிக்கு. உயரம் மட்டும் அதைச் செய்யாது. கல்வராயன் ஈரமான மலை. எனவே தூசிப்பூச்சியும் பூஞ்சையும் எதிரி என்றால் மலை ஏறுவதால் மட்டும் தப்பிக்க முடியாது. வாகனப் புகைதான் எதிரி என்றால் மலை நிச்சயம் உதவும்.

போகும் முன் செய்ய வேண்டியவை

முதலில் மருத்துவரிடம் அலர்ஜிப் பரிசோதனை. எது ஆகாது என்று தெரியாமல் ஊர் தேடுவது, அளவு கொடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

அடுத்து, உங்களுக்கு மோசமான மாசத்தில் இரண்டு வாரமாவது அங்கே தங்குங்க. சித்திரையில் மலை எல்லோருக்கும் சொர்க்கம்தான். ஐப்பசியிலும் மார்கழியிலும் போய்ப் பார்க்கணும். காலையும் மாலையும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதி எழுதி வையுங்க. உங்கள் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை, 50-க்குக் கீழே போனால் அவசரம்.

வீட்டுக்குள் சுவர் மூலையில் கறை இருக்கா, சமையலறைப் புகை வெளியே போகுதா, படுக்கையறைக்கு வெயில் வருதான்னு பாருங்க. இலவம்பஞ்சு மெத்தை, பழைய தலையணையைக் கூடவே தூக்கிட்டுப் போனால் தூசிப்பூச்சியும் கூடவே குடிவரும்.

கடைசியாக மருத்துவமனை தூரம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, கள்ளக்குறிச்சியை ஒட்டிய சிறுவங்கூரில் இருக்கிறது. வெள்ளிமலையில் ராத்திரி 2 மணிக்கு இழுப்பு வந்தால் மலைப்பாதை முழுக்க இறங்கி வரணும். கடுமையான இழுப்பில் அந்த நேரமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மலைக்காற்று இன்ஹேலருக்கு மாற்றும் கிடையாது.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து நான் தேர்ந்தெடுத்தது டவுனுக்கு வெளியே, ஆலைகளிலிருந்து தள்ளி, தென்பக்கம் வெயில் விழும் ஒரு வீடு. மலைக்கு வெயில் காலத்தில் போய் வரலாம். பூஞ்சை அலர்ஜி இல்லாதவர்களுக்கு இதே கணக்கு வேறு விடை தரலாம். வாடகை ஒப்பந்தம் வழக்கம்போல 11 மாதம்தான். அதற்குள் அரவை, அடைமழை, மார்கழிப் பனி எல்லாமே வந்து போய்விடும். அந்த மாதங்களின் பீக் ஃப்ளோ நோட்டைப் பார்த்த பிறகுதான் சொந்தமாக மனை வாங்குவது பற்றிய பேச்சு.